ரப்பர் பால் கொட்டகையில் அமோனியா நீர்: புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டாறு, கீரிப்பாறை பக்கங்களில் ரப்பர் பால் சேகரிக்கும் கொட்டகைக்கோ, பாலை இயந்திரத்தில் கடைந்து அடர்த்தியாக்கும் ஆலைக்கோ வேலைக்குச் சேருபவர் முதல் நாளிலேயே எதிர்கொள்வது அமோனியாவின் வாடையைத்தான். இரண்டு வாரத்தில் அந்த வாடை பழகிவிடும். பழகிய பிறகுதான் விபத்துகள் நடக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருந்து நான் கண்டவரை, லாரியையும் பெரிய பேரலையும் பார்த்து ஒதுங்கி நிற்பவர்கள் கூட, கையில் இருக்கும் சிறிய கேனின் மூடியைக் கண்டு பயப்படுவதில்லை. இந்தத் தொழிலில் கண்ணுக்கும் மூச்சுக்கும் வரும் கேடு பெரும்பாலும் அந்த மூடியைத் திறக்கும் நொடியில்தான் வருகிறது என்பதால், கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த நொடியைச் சுற்றியே அமைந்துள்ளன.

எந்த அமோனியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்தில் அமோனியா என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருட்களைக் குறிக்கிறோம். குளச்சல், சின்னமுட்டம் போன்ற மீன்பிடித் துறைகளை ஒட்டிய ஐஸ் ஆலைகளில் குளிரூட்டும் குழாய்களுக்குள் ஓடுவது தண்ணீர் கலக்காத அமோனியா. அழுத்தத்தில் அடைத்து வைக்கப்பட்ட அது, வெளியே வந்தால் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். ரப்பர் கொட்டகைக்கு வருவது அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்த அமோனியா நீர். கடைக்காரர்கள் இதை லிக்கர் அமோனியா என்பார்கள். பெரும்பாலும் 25 சதவீத வலுவில் பிளாஸ்டிக் கேன்களிலும் பேரல்களிலும் வரும். கேனின் மேல் ஐ.நா. எண் 2672 என்றும், அரிக்கும் பொருளுக்கான எட்டாம் வகுப்புச் சின்னமும் இருக்க வேண்டும். 1005 என்ற எண் இருந்தால் அது தண்ணீர் கலக்காத அமோனியா, இந்தக் கட்டுரையில் சொல்லும் முறைகள் அதற்குப் போதாது. சரக்கு வந்ததும் எண்ணைப் பார்த்து, விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, அதைக் கோப்பில் பூட்டி வைக்காமல் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைப்பது முதல் படி.

பாலில் இதை ஏன் சேர்க்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அளவு அதைப் பொறுத்தே அமைகிறது. மரத்தில் இருந்து சிரட்டைக்கு வடிந்த பாலில் நுண்ணுயிர்கள் புகுந்து, அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன; அமிலம் கூடக் கூட ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சில மணி நேரத்தில் பால் திரிந்துவிடுகிறது. அமோனியா நுண்ணுயிர்களை அடக்குகிறது, பாலின் காரத்தன்மையை உயர்த்துகிறது, பாலில் உள்ள மக்னீசியத்தை வண்டலாகக் கீழே இறக்கிவிடுகிறது. ஒரே பொருள் இந்த மூன்று வேலைகளையும் மலிவாகச் செய்வதால்தான் இத்தனை வாடையையும் பொறுத்துக்கொண்டு இதையே பயன்படுத்துகிறோம்.

வெயிலும் மூடியும்

25 சதவீத அமோனியா நீர் ஏறத்தாழ 38 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும். இந்த ஒரு எண்ணை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. மார்ச், ஏப்ரல் வெயிலில் தகரக் கூரையின் கீழோ, பிக்கப் வண்டியின் பின்தட்டிலோ நிற்கும் கேன் 40 டிகிரியை எளிதில் தாண்டும். அப்போது கேனுக்குள் இருப்பது கொதிநிலையைக் கடந்த நீரும், வெளியேற வழி தேடும் வாயுவும்தான். கேனின் பக்கங்கள் லேசாக உப்பியிருந்தால், மூடியைத் திருகிய மறுநொடி நுரையும் வாயுவும் முகத்தை நோக்கித்தான் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேகரிப்புக் கொட்டகையில் இது என் கண் முன்னே நடந்தது. காலை பத்து மணிக்கு வந்து இறங்கிய கேன், பால் வரத்து அதிகமாக இருந்ததால் பகல் ஒரு மணி வரை முற்றத்திலேயே கிடந்தது. எங்களில் மூத்தவர் ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கேனைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, குனிந்து நின்று மூடியை ஒரே மூச்சில் திருகினார். சீறல் சத்தம் கேட்டதும் அவர் தலையைத் திருப்பியதால் இடது கண்ணில் மட்டும் பட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிக்க வைத்திருந்த குடத்தை அப்படியே அவர் முகத்தில் சாய்த்தோம், பிறகு கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினோம். கண் பிழைத்தது, ஆனால் பல வாரங்களுக்கு அவரால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அங்கே தவறாக இருந்தவை நான்கு: கேன் வெயிலில் கிடந்தது, முகம் மூடிக்கு நேர் மேலே இருந்தது, கண்ணாடி இல்லை, தண்ணீர் தயாராக இல்லை. இந்த நான்கில் எதையும் சரிசெய்யப் பெரிய செலவு தேவைப்பட்டிருக்காது.

எனவே கேனைத் திறக்கும் முறை இதுதான். வெயிலில் இருந்து வந்த கேனை நிழலில் வைத்து, வெளிப்புறத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவிட்டு, உப்பல் அடங்கியதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்த பிறகே அதன் அருகே வேலையைத் தொடங்க வேண்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கத்தில் இருந்து வீசும்படி நில்லுங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் இலையடர்த்தியால் காலையில் காற்றே அசையாது என்பதால், மரங்களுக்கு நடுவே திறப்பதைக் காட்டிலும் வெட்டவெளியில் திறப்பது நல்லது. கேனை நேராக நிறுத்தி, முகத்தைப் பக்கவாட்டில் விலக்கி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருகி நிறுத்துங்கள். சீறல் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து, அதன்பிறகே மேலும் திருகுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். பால் அதற்குள் திரிந்துவிடாது.

உடுப்பு

சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. முழுக்கால் சட்டை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், பி.வி.சி. ஏப்ரன், நியோப்ரீன் அல்லது நைட்ரைல் கையுறை ஆகியவை வேண்டும். காலணிக்கு வெளியே கால்சட்டை தொங்க வேண்டும். உள்ளே செருகினால் சிந்தியது காலணிக்குள் இறங்கித் தங்கிவிடும். கண்ணுக்குப் போடுவது ஓரங்கள் மூடிய ரசாயனக் கண்ணாடியாக இருக்க வேண்டும், பார்வைக்குப் போடும் கண்ணாடி போதாது. ஊற்றும்போதும் பம்ப் செய்யும்போதும் அதன் மேல் முகத் தடுப்பும் அணிய வேண்டும்.

மூக்கை மறைப்பது பற்றி ஒரு தவறான பழக்கம் நம்மிடம் உண்டு. துவர்த்தை, அதாவது துண்டை, நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் ஈரத்துணி சற்றே தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கொட்டகையை விட்டு வெளியே ஓடுவதற்குப் பயன்படுமே தவிர, உள்ளே நின்று வேலை செய்வதற்குப் பயன்படாது. தூசிக்கான முகக்கவசமும் வாயுவை நிறுத்தாது. பச்சைப் பட்டை போட்ட, அமோனியாவுக்கென்றே உள்ள கே வகை வடிகட்டி பொருத்திய முகமூடிதான் வேண்டும். அதையும் காலாவதித் தேதி பார்த்து மாற்ற வேண்டும்.

மூக்கை அளவுகோலாக நம்பவும் கூடாது. காற்றில் 5 பி.பி.எம்., அதாவது 10 லட்சம் பங்கில் 5 பங்கு இருந்தாலே புதியவருக்கு வாடை தெரியும். எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் அனுமதிக்கும் சராசரி 25 பி.பி.எம்.; குறுகிய நேரத்துக்கு 35. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு 300. பழகிய மூக்குக்கு 25க்கும் 50க்கும் உள்ள வேறுபாடு தெரியாது. கண் கரிக்கிறது, தொண்டை இறுகுகிறது என்றால், "இங்கே எப்பவும் இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள்.

இறக்கி வைக்கும் இடம்

கேன்களை நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரை மட்டத்திலேயே வைக்க வேண்டும். தோளுக்கு மேலான பரணில் வைக்கக் கூடாது. அமோனியா வாயு காற்றின் எடையில் ஏறத்தாழ 0.6 பங்கு மட்டுமே இருப்பதால் மேலே எழும்பும். ஆகவே சன்னல் இருந்தால் மட்டும் போதாது, கூரைக்குக் கீழே திறப்புகளும் இருக்க வேண்டும். சுற்றிலும் சிறிய திண்டு கட்டி, மிகப் பெரிய பேரல் முழுவதும் கவிழ்ந்தாலும் உள்ளேயே தங்கும்படி செய்துகொள்ளுங்கள்.

அருகில் எதை வைக்கக் கூடாது என்பதில் நம் கொட்டகைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஷீட் அடிக்கும், அதாவது பாலை உறைய வைத்து ரப்பர் தகடாக்கும் இடங்களில், பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டும் இருக்கும்; பாலைக் காக்கும் அமோனியாவும் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் அக்கம்பக்கமாக நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டும் கலந்தால் கடுமையாகச் சூடேறித் தெறிக்கும். கழுவப் பயன்படுத்தும் பிளீச்சிங் பவுடரும் அருகில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அமோனியாவுடன் சேர்ந்தால் அது குளோரமின் என்னும் நச்சு வாயுவைக் கொடுக்கும்.

உலோகங்களிலும் கவனம் வேண்டும். பித்தளைக் குழாய், செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய வாளி, அலுமினியப் பாத்திரம் ஆகியவை அமோனியாவுக்கு ஆகாது; பிளாஸ்டிக், இரும்பு, துருப்பிடிக்காத எஃகு ஆகியவை ஆகும். எங்கள் கொட்டகையில் ஒருமுறை கடையில் கிடைத்த பித்தளைத் திருகுக் குழாயைப் பேரலில் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் அதன் கழுத்தில் இருந்து அடர்நீல நிறத்தில் ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது, துணியால் துடைத்தால் துணியும் நீலமானது. செம்பு கரைந்து வரும் அடையாளம் அது. அந்த நீலத்தைக் கண்டால் குழாயை உடனே மாற்றுங்கள். பித்தளை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விடும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டதற்கும், குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அமோனியாவே காரணம் என்பதை 1921 வாக்கில்தான் கண்டறிந்தார்கள்.

நீர்த்தல், அளத்தல், சேர்த்தல்

வலுவான நீரை அப்படியே பாலில் கொட்டினால் விழும் இடத்தில் கட்டி தட்டும், வாயுவும் வீணாகும். எனவே 10 சதவீதத்துக்கு நீர்த்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் 6 கிலோ குளிர்ந்த தண்ணீரை எடுத்து, அதில் 25 சதவீத நீர் 4 கிலோவை மெல்ல விட்டால் 10 சதவீதத்தில் 10 கிலோ கிடைக்கும். ஊற்றும் குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் பாதி வாடையாகப் போய்விடும். கேனில் இருந்து எடுப்பதற்குக் கைப்பம்ப் அல்லது கேனைச் சாய்க்கும் நிலைத்தாங்கி வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு; அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேனில் 25 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 25 இருக்கும் என்று நம்ப வேண்டாம். பலமுறை திறந்து மூடிய கேனில் வலு குறைந்திருக்கும். அடர்த்திமானியை விட்டுப் பாருங்கள்: அறை வெப்பத்தில் 25 சதவீத நீரின் அடர்த்தி ஏறத்தாழ 0.91, 20 சதவீதத்துக்கு 0.92 சொச்சம். மற்ற பல நீர்மங்களுக்கு மாறாக, இங்கே எண் ஏறினால் வலு குறைந்தது என்று பொருள். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

அளவுக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 கிலோ பால் உள்ள பேரலை ஓரிரு நாள் காக்க 0.3 சதவீதம் அமோனியா வேண்டும் என்று ஆலை சொன்னால், 200 கிலோவில் 0.3 சதவீதம் 600 கிராம். 25 சதவீத நீரில் அது 2.4 கிலோ, அதாவது சுமார் 2.6 லிட்டர், 10 சதவீத நீரில் 6 கிலோ. கேனின் உண்மையான வலு 20 ஆக இறங்கியிருப்பது தெரியாமல் அதே 2.4 கிலோவை விட்டால், உள்ளே போவது 480 கிராம்தான். பால் ஆலைக்குப் போய்ச் சேரும்முன் திரிந்துவிட்டால், குற்றம் பால்வெட்டும் தொழிலாளியின் மேல் வரும். கடைந்து எடுத்த 60 சதவீத அடர்பாலுக்கு அளவு வேறு: உயர் அமோனியா வகையில் குறைந்தது 0.6 சதவீதம் இருக்க வேண்டும். தாழ் அமோனியா வகையில் 0.29ஐத் தாண்டாமல் வைத்து, துணைக்கு டி.எம்.டி.டி. என்னும் காப்புப் பொருளும் துத்தநாக ஆக்சைடும் சேர்ப்பார்கள். அந்த அளவுகளை ஆலையின் ஆய்வகம் சோதித்துச் சொல்லும். கொட்டகையில் இருப்பவர் தன் கணக்கில் கூட்டிக் குறைக்கக் கூடாது.

தோட்டத்துக்குள் சிரட்டையிலேயே பால் உறையும் மழைநாட்களில், பால்வெட்டுபவர்களுக்குச் சிறு போத்தல்களில் அமோனியா கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. சோடா போத்தலிலோ பிராந்தி போத்தலிலோ ஒருபோதும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போகும் அந்தப் போத்தலைத் தண்ணீர் என்று நினைத்து எடுக்கும் கை குழந்தையின் கையாகவும் இருக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நன்றாக நீர்த்ததை, பெயர் எழுதிய, திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் போத்தலில் கொடுங்கள். ஷீட் அடிக்கும் பாலுக்குச் சோடியம் சல்பைட் கரைசலே போதும் என்பது என் கருத்து. அமோனியா சேர்த்த பாலை உறைய வைக்க ஆசிட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

சிந்தினால்

ஒரு குவளை அளவு சிந்தினால், ஆட்களை விலக்கி, திறப்புகளைத் திறந்து, உடுப்பு போட்டவர் மட்டும் அருகில் சென்று மணலைப் போட்டுத் தடுத்து, பிறகு நிறையத் தண்ணீரால் நீர்க்கச் செய்யலாம். ஒரு கேன் முழுவதும் கவிழ்ந்தால் அது உங்கள் வேலை இல்லை. காற்று வரும் திசையை நோக்கி விலகி, 112க்கு அழைத்து, பொருளின் பெயரையும் 2672 என்ற எண்ணையும் சொல்லுங்கள். வாயு எழும்போது தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சினால் அது வாயுவைக் கரைத்துக் கீழே இறக்கும், ஆனால் அந்த வேலையைத் தீயணைப்பு வீரர்களிடம் விட்டுவிடுங்கள்.

உடலில் பட்டால்

கண்ணில் பட்டால் அந்த நொடியிலேயே ஓடும் தண்ணீரால் கழுவத் தொடங்க வேண்டும். இமைகளை விரல்களால் பிரித்துப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். காரம் அமிலத்தை விட ஆழமாகக் கண்ணுக்குள் ஊடுருவும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தது என்று நிறுத்தினால் உள்ளே அரிப்பு தொடரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இளநீர் எதையும் விடக் கூடாது. கழுவிக்கொண்டே 108ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கண் மருத்துவர் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுங்கள். பாதுகாப்புத் தகவல் தாளின் ஒரு படியும் கூடப் போக வேண்டும். பத்து நொடியில் சென்று சேரும் தொலைவில் கண் கழுவும் குழாய் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. குழாய் வைக்க முடியாத கொட்டகையில், மூடிய தொட்டியில் சுத்தமான தண்ணீரை நிரப்பி, தினமும் காலையில் அதை மாற்றிய பிறகே முதல் கேனைத் திறப்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

தோலில் பட்டால் நனைந்த உடையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரால் கழுவ வேண்டும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவக் கூடாது. விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்யலாம், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நிறைய வாயுவை மூச்சில் இழுத்தவரை நல்ல காற்றில் சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் அவர் தேறியதுபோல் தோன்றினாலும், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், மருத்துவரிடம் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கழிவுநீரும் காலிக் கேனும்

நம் ஊரில் ஓடை எல்லாம் குளத்துக்கோ ஆற்றுக்கோதான் போகிறது. ஒரு லிட்டர் 25 சதவீத நீரில் ஏறத்தாழ 228 கிராம் அமோனியா இருக்கிறது. ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கணக்குப் போட்டால், அந்த ஒரு லிட்டரை அந்த அளவுக்கு இறக்க மட்டும் 3,700 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மீன்களோ அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவிலேயே சாகும். ஆகவே பேரல் கழுவிய நீரையும் சிந்தியதை அலம்பிய நீரையும் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். ஓடைப் பக்கம் உள்ள மடையை வேலை நேரத்தில் அடைத்து வைக்க வேண்டும்.

காலியான கேனில் கூட நீர்த் துளிகளும் அடைந்த வாயுவும் இருக்கும். மூடியைப் போட்ட நிலையிலேயே நிழலில் அடுக்கி, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். திருப்ப வழியில்லாத கேனை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தொட்டிக்குள் விட்டு, அடியில் துளையிட்டுவிடுங்கள். துளையில்லாத கேன் எந்த வீட்டிலாவது தண்ணீர் பிடிக்கும் கேனாகிவிடும்.